ஓட்டையில் மிச்சம் பிடித்து உற்பத்தியில் கோட்டை விடுகிறவர்கள்

கிராவல் பேக் போட்ட எண்ணெய்க் கிணறு எதிர்பார்த்த அளவுக்குத் தரவில்லை என்றால் முதலில் அடி விழுவது அந்தக் கிராவல் மேல்தான். "கிணற்றுக்குள் மணலைக் கொண்டுபோய் அடைத்து வைத்தால் எண்ணெய் எப்படி வரும்?" என்று ஒரு கேள்வி. கேட்பவருக்கும் திருப்தி, கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் திருப்தி. கோப்பு மூடப்படும். கிணறு மட்டும் பாதி மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கேள்வியே தப்பு. கிராவல் நிரபராதி. உண்மையான குற்றவாளி அதற்கு முன்னால் நடந்த ஒரு வேலை. கேசிங் குழாயில் ஓட்டை போடும் வேலை. அதைவிடப் பெரிய குற்றவாளி, அந்த வேலையை "ஒரு ஷாட்டுக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு டெண்டர் முடிக்கும் கணக்கு மூளை.

கொஞ்சம் பின்னணி தெரிந்தால்தான் சண்டை புரியும்.

மணல் பிரச்சினை என்ன?

எல்லா எண்ணெயும் கருங்கல் மாதிரி உறுதியான பாறையில் இருப்பதில்லை. மெக்சிகோ வளைகுடா, நைஜர் டெல்டா போன்ற இடங்களில் எண்ணெய் இருக்கும் அடுக்கு பாறை என்று சொல்லவே லாயக்கில்லாதது. கையில் எடுத்தால் உதிர்ந்துவிடும். எண்ணெயை இழுத்தால் மணலும் சேர்ந்து வரும். அந்த மணல் குழாயை அரிக்கும், வால்வைத் தின்னும், கடைசியில் கிணற்றையே அடைத்துவிடும்.

இதற்கான மருந்துதான் கிராவல் பேக். கிணற்றுக்குள் ஒரு சல்லடைக் குழாயை, அதாவது ஸ்கிரீனை, இறக்குவார்கள். அதற்கும் கேசிங்குக்கும் நடுவில் அளவு பார்த்துச் சலித்த பருமணலைத் திரவத்தில் கலந்து அடிப்பார்கள். பெயர்தான் கிராவல். அதிகம் பயன்படும் 20/40 ரகத்தில் ஒரு மணியின் அளவு 0.42 முதல் 0.84 மில்லிமீட்டர்வரைதான். எண்ணெய் அடுக்கின் மணலைப் பருமணல் தடுக்கும், பருமணலை ஸ்கிரீன் தடுக்கும், எண்ணெய் மட்டும் உள்ளே வரும். தமிழ்நாட்டில் கடலோர மணல் பகுதிகளில் போர் போடுகிறவர்கள் ஃபில்டர் பைப் இறக்கிச் சுற்றிலும் கூழாங்கல் கொட்டுவதும் இதே தத்துவம்தான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ஃபில்டர் பைப்பில் ஓட்டைகள் முன்பே போட்டிருக்கும். எண்ணெய்க் கிணற்றிலோ முதலில் எஃகு கேசிங்கை இறக்கி, அதன் வெளிப்பக்கம் சிமென்ட் அடித்து, எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். பிறகுதான் வேண்டிய ஆழத்தில் வெடி வைத்து ஓட்டை போடுவார்கள். இதற்குப் பெயர் பெர்ஃபரேஷன். 1932-ல் கலிபோர்னியாவின் மான்டெபெல்லோ வயலில் லேன்-வெல்ஸ் நிறுவனம் துப்பாக்கிக் குண்டால் கேசிங்கைத் துளைத்துக் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைத் துளைத்த பசூக்காவின் தத்துவம் போருக்குப் பிறகு கிணற்றுக்குள் வந்தது. புனல் வடிவ உலோகத் தகட்டின் பின்னால் வெடிமருந்து. வெடித்ததும் அந்தத் தகடு நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தாரையாகப் பாய்ந்து எஃகு, சிமென்ட், மண் எல்லாவற்றையும் துளைக்கும்.

அதற்குப் பிறகு எண்ணெய் அடுக்குக்கும் கிணற்றுக்கும் இருக்கும் ஒரே வழி அந்த ஓட்டைகள்தான். வேறு கதவு கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படிக்கவும்.

டார்சி போட்டு வைத்த கணக்கு

பிரான்சின் திஜோன் நகரத்துக் குடிநீருக்காக மணல் வடிகட்டிகளை ஆராய்ந்த ஹென்றி டார்சி 1856-ல் ஒரு விதியை வெளியிட்டார். மணல் வழியாகத் திரவத்தைத் தள்ளத் தேவைப்படும் அழுத்தம், பாதையின் நீளம் கூடினால் கூடும், பரப்பு கூடினால் குறையும், மணலின் ஊடுருவு திறன் கூடினாலும் குறையும். எண்ணெய்த் தொழிலின் அரிச்சுவடி இது.

ஒரு கிணற்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். 20 அடி உயரத்துக்கு ஓட்டை. ஒரு நாளைக்கு 2000 பேரல். எண்ணெயின் பாகுத்தன்மை தண்ணீர் அளவுதான். கேசிங்கும் சிமென்டும் சேர்ந்து இரண்டரை அங்குல கனம். ஓட்டைக்குள் நிரம்பியிருக்கும் கிராவலின் ஊடுருவு திறன் 100 டார்சி.

முதல் திட்டம்: அடிக்கு 12 ஓட்டை, ஒவ்வொன்றும் 0.8 அங்குல விட்டம். மொத்தம் 240 ஓட்டை. மொத்தப் பரப்பு சுமார் 120 சதுர அங்குலம். ஒரு ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது.

இரண்டாவது திட்டம்: அடிக்கு 4 ஓட்டை, 0.4 அங்குல விட்டம். மொத்தம் 80 ஓட்டை. மொத்தப் பரப்பு 10 சதுர அங்குலம். அஞ்சலட்டையில் பாதி!

முதல் திட்டத்தில் எண்ணெய் ஓட்டைகளைக் கடக்க 4 பி.எஸ்.ஐ.க்குச் சற்று அதிகமான அழுத்தம் போதும். இரண்டாவதில் 53 பி.எஸ்.ஐ. வேண்டும். அதே கிணறு, அதே எண்ணெய், அதே கிராவல். தடை மட்டும் 12 மடங்கு.

இதுவும் நல்ல நாளில். ஓட்டைக்குள் கிராவலுக்குப் பதிலாக எண்ணெய் அடுக்கின் நுண்மணல் புகுந்துகொண்டால் என்ன ஆகும்? அதன் ஊடுருவு திறன் 1 டார்சி என்றால் எல்லாமே 100 மடங்கு. முதல் திட்டத்தில் 440 பி.எஸ்.ஐ. இரண்டாவதில் 5300 பி.எஸ்.ஐ. அதாவது அந்தக் கிணறு அந்த அளவு தரவே தராது. கதை முடிந்தது.

கவனிக்க வேண்டியது இதைத்தான். பரப்பில் தப்பு செய்தால் 12 மடங்கு. எது நிரம்புகிறது என்பதில் தப்பு செய்தால் 100 மடங்கு. இரண்டுமே ஓட்டை போடும் நேரத்திலும் அதற்கு அடுத்த சில மணி நேரத்திலும் தீர்மானமாகும் விஷயங்கள். பாவம், கிராவல் என்ன செய்யும்? அது எண்ணெய் அடுக்கைவிட 100 மடங்கு தாராளமாக வழிவிடுகிறது. அதைப் போக வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் செய்துவிட்டு அதையே திட்டுவது எந்த ஊர் நியாயம்?

மேலே சொன்னது அமைதியான ஓட்டத்துக்கான கணக்கு. வேகம் கூடினால் கொந்தளிப்பு வரும். அதனால் வரும் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பரப்பு 12-ல் 1 பங்கானால் அந்தத் தடை 144 மடங்கு. எரிவாயுக் கிணறுகளில் இந்தக் கொந்தளிப்புதான் பெரிய வில்லன்.

ஆழம் என்னும் மாயை

பெர்ஃபரேஷன் விற்பவர்களின் பட்டியலில் கண்ணை முதலில் இழுப்பது ஊடுருவல் ஆழம். "எங்கள் வெடி இத்தனை அங்குலம் போகும்." வாங்குபவரும் அதைப் பார்த்துத் தலையாட்டுவார். ஆழம் அதிகம் என்றால் நல்லதுதானே?

உறுதியான பாறையில் நல்லதுதான். தோண்டும்போது சேறு புகுந்து கெட்டுப்போன பகுதியைத் தாண்டி அந்தப் பக்கம் போக நீளமான துளை உதவும். ஆனால் உதிரி மணலில் துளை நிற்காது. ஈர மணலில் விரலை விட்டு எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான். சரிந்து மூடிக்கொள்ளும். அங்கே நிலையாக நிற்பது எஃகிலும் சிமென்டிலும் விழுந்த ஓட்டை மட்டுமே. ஆகவே கிராவல் பேக் கிணற்றுக்கு வேண்டியது அகலம், எண்ணிக்கை, சுத்தம். ஆழம் நான்காவது இடம்கூட வாங்காது.

ஒரே வெடியில் இரண்டும் கிடைக்காதா என்றால், கிடைக்காது. கூர்மையான கூம்புத் தகடு ஆழமாகவும் ஒல்லியாகவும் துளைக்கும். மழுங்கிய கிண்ண வடிவத் தகடு அகலமாகத் துளைத்து ஆழத்தில் விட்டுக்கொடுக்கும். பிந்தையதைத்தான் பிக் ஹோல் சார்ஜ் என்கிறார்கள். கிராவல் பேக்குக்கு உரியது அதுதான்.

அந்த ஆழ எண் எங்கிருந்து வருகிறது? அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் 1962-ல் வெளியிட்ட ஆர்.பி. 43 என்ற நடைமுறையும், அதன் இடத்துக்கு 2000-ல் வந்த ஆர்.பி. 19பி-யும் சோதனை முறைகளை வகுத்திருக்கின்றன. அதில் முதல் பகுதிச் சோதனை, கான்கிரீட் இலக்கில் சுடுவது. சோதனையில் தப்பில்லை. இரண்டு வெடிகளை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் வேண்டும். ஆனால் கான்கிரீட்டில் வாங்கிய மார்க்கை உதிரி மணலுக்கு மார்க்ஷீட்டாகக் காட்டுவது தப்பு. நீச்சல் குளத்தில் முதல் பரிசு வாங்கியவரை மலையேற அனுப்பும் கதை.

இன்னொன்று. பட்டியலில் இருக்கும் ஓட்டை விட்டம் ஒரு சராசரி. சாய்வான கிணற்றில் கன் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து கிடக்கும். சுவரை ஒட்டிய பக்கம் ஓர் அளவு, தள்ளியிருக்கும் எதிர்ப்பக்கம் வேறு அளவு என்றுதான் விழும். கன்னை நடுவில் நிறுத்தச் சின்னதாக ஓர் ஏற்பாடு போதும். அதையும் பில்லில் ஒரு வரி அதிகம் என்று வெட்டுகிறவர்களை என்ன சொல்ல?

சுட்ட பிறகுதான் ஆபத்து

ஓட்டை விழுந்தவுடன் அதற்குள் என்ன இருக்கும்? நொறுங்கிய மணல், சிமென்ட் தூள், வெடியின் உறைச் சில்லுகள். இந்தக் குப்பையை வெளியேற்றாமல் கிராவல் அடித்தால் குப்பைக்கு மேல்தான் கிராவல் உட்காரும்.

இதற்கு ஒரு வழி உண்டு. சுடும் நேரத்தில் கிணற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை எண்ணெய் அடுக்கின் அழுத்தத்தைவிடக் குறைவாக வைத்தால், ஓட்டை விழுந்த கணமே அடுக்கிலிருந்து திரவம் சீறி வந்து குப்பையைத் தள்ளிவிடும். இதற்குப் பெயர் அண்டர்பேலன்ஸ். அளவு முக்கியம். குறைந்தால் சுத்தமாகாது. கூடினால் மணல் மொத்தமாக உள்ளே கொட்டி கன்னையே புதைத்துவிடும். இந்த அளவை அந்தக் கிணற்றின் மணலைப் பார்த்து யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

அடுத்த ஆபத்து இன்னும் மோசம். சுட்ட பிறகு கன்னை வெளியே எடுக்க வேண்டும். அதற்குக் கிணற்றை அடக்கக் கனமான உப்புநீர் நிரப்புவார்கள். இப்போது அழுத்தம் தலைகீழ். உப்புநீர் ஓட்டைகள் வழியாக அடுக்குக்குள் ஓடும். அதை நிறுத்த பாலிமர் கூழோ சுண்ணாம்புத் தூளோ போட்டு ஓட்டைகளை அடைப்பார்கள். அதாவது காசு கொடுத்துத் திறந்த கதவைக் காசு கொடுத்தே பூட்டுவது! அந்த அடைப்பு முழுமையாகக் கரையாவிட்டால் பின்னால் வரும் கிராவல் அந்த ஓட்டைக்குள் நுழையவே முடியாது. ஓட்டை 12 போட்டு 4 மட்டும் வேலை செய்தால், 4 போட்டதற்கும் 12 போட்டதற்கும் பில்லில் மட்டும்தான் வித்தியாசம்.

தீர்வு இல்லாமல் இல்லை. நன்றாக வடிகட்டிய உப்புநீர். சுட்டவுடன் தாமதிக்காமல், அழுத்தம் கொடுத்து ஓட்டைகளுக்குள் கிராவலைத் தள்ளி நிரப்பும் பிரீபேக். 1990-களில் மெக்சிகோ வளைகுடாவில் பரவலான ஃபிராக் பேக் முறையில் அடுக்கையே பிளந்து அந்தப் பிளவுக்குள் கிராவலை அனுப்புகிறார்கள். ஆனால் அதிலும் எண்ணெய் கடைசியில் அதே ஓட்டைகள் வழியாகத்தான் வர வேண்டும். எந்த மாயமும் அந்தக் கதவைத் தவிர்க்க முடியாது.

யார் மிச்சம் பிடிக்கிறார்கள், யார் கட்டுகிறார்கள்?

விஷயத்தின் மர்மம் இங்கேதான். ஓட்டை போடும் செலவு துரப்பணப் பிரிவின் கணக்கில் ஏறும். கிணறு குறைவாகத் தருவதால் வரும் நஷ்டம் உற்பத்திப் பிரிவின் கணக்கில், அதுவும் பல வருஷங்களுக்குப் பரவி, நஷ்டம் என்ற பெயரே இல்லாமல் ஏறும். வராத எண்ணெய்க்கு யாரும் பில் அனுப்புவதில்லை. அதனால் மிச்சம் பிடித்தவருக்குப் பாராட்டு, வாங்கிய அடி யார் கண்ணுக்கும் தெரியாது.

மேலே சொன்ன அதே கிணற்றை எடுத்துக்கொள்ளலாம். அடுக்கிலிருந்து 2000 பேரல் இழுக்க 300 பி.எஸ்.ஐ. வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் மணல் நகரும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு திட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கு ஓட்டைதான் ஒழுங்காக வேலை செய்கிறது. முதல் திட்டத்தில் ஓட்டைகளின் தடை 13 பி.எஸ்.ஐ. ஆகும். கிணறு சுமார் 1900 பேரல் தரும். இரண்டாவதில் தடை 159 பி.எஸ்.ஐ. ஆகும். கிணறு 1300 பேரல்தான் தரும். வித்தியாசம் ஒரு நாளைக்கு 600 பேரல். பேரல் 60 டாலர் என்று வைத்தால் தினமும் 36,000 டாலர். கொந்தளிப்பைச் சேர்க்காமலே இவ்வளவு. பெரிய கன்னுக்கும் சின்ன கன்னுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது.

நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. அந்த இரண்டாவது திட்டத்தில் 80-ல் 27 ஓட்டைகள் மட்டும் வேலை செய்தால் எண்ணெய் ஒவ்வொன்றின் வழியாகவும் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் மேலான வேகத்தில் வரும். முதல் திட்டத்தில் அது வெறும் 14 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் மணலோடு சேர்ந்து ஸ்கிரீனில் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் ஸ்கிரீன் ஓட்டையாகும். பிறகு மணல் வரும். பிறகு ரிக்கை மறுபடி வரவழைத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடல் நடுவே அழுத்தமுள்ள கிணற்றைத் திறந்து வைத்து வேலை பார்க்கப் போகிறவர்கள் டெண்டரில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. அவர்கள் தொழிலாளிகள்.

இன்னொரு கூத்து, பொறுப்பு. சுடுவது ஒரு கம்பெனி. திரவம் கொடுப்பது இன்னொரு கம்பெனி. கிராவல் அடிப்பது மூன்றாவது கம்பெனி. சுட்டவர் "எல்லா வெடியும் வெடித்தது" என்று சான்று தருவார். திரவக்காரர் "கசிவு நின்றது" என்பார். கிராவல்காரர் "பேக் முழுமை" என்பார். மூவருக்கும் பாஸ் மார்க். அந்த இரண்டரை அங்குல ஓட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. எல்லோரும் தேர்வில் தேறிவிட்டார்கள், கிணறு மட்டும் ஃபெயில்.

எதிர்க்கட்சி வாதங்கள்

"அதிக ஓட்டை போட்டால் கேசிங் பலவீனமாகும்." நியாயமான கவலை. ஓட்டைகள் ஒரே கோட்டில் நெருக்கமாக விழுந்தால் ஆபத்துதான். அதற்காகத்தான் கன்னில் வெடிகளைச் சுழல் படிக்கட்டு மாதிரி கோணம் மாற்றி அடுக்குகிறார்கள். இது தீர்வுள்ள பிரச்சினை.

"அதிக ஓட்டை என்றால் உப்புநீரும் அதிகமாக ஓடும்." உண்மை. அதற்குப் பதில் ஓட்டையைக் குறைப்பதல்ல, திரவத்தைத் திட்டமிடுவது. வீட்டுக்குள் மழைச்சாரல் வருகிறது என்று யாரும் ஜன்னலைச் செங்கல் வைத்துப் பூசுவதில்லை.

"கேசிங்கே போடாமல் திறந்த துளையில் கிராவல் பேக் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?" இதுதான் வலுவான வாதம். சுத்தமான ஒரே மணல் அடுக்கு என்றால் அதுவே சிறந்த வழி, மறுப்பில்லை. ஆனால் பல மணல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் தண்ணீரும் வாயுவும் பக்கத்து வீடாக இருக்கும் இடத்தில் கேசிங்கும் சிமென்டும் இல்லாமல் முடியாது. அங்கே ஓட்டை போட்டே ஆக வேண்டும். போட்டே ஆக வேண்டியதை ஒழுங்காகப் போட வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

என்ன செய்யலாம்?

கிராவலின் அளவைத் தேர்ந்தெடுக்க இந்தத் தொழில் எவ்வளவு பாடுபடுகிறது! மணல் மாதிரியைச் சலித்து, நடுத்தர மணியை அளந்து, அதைப்போல 5 அல்லது 6 மடங்கு என்று சாசியர் 1974-ல் சொன்ன விதிப்படி தேர்ந்தெடுக்கிறார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு இவ்வளவு மரியாதை. அந்தக் கிராவல் போய்ச் சேர வேண்டிய ஓட்டைக்கு மட்டும் "கம்மி ரேட் யார்?"

இரண்டே இரண்டு எண்களைக் கேட்டாலே போதும். ஒன்று, ஒரு அடிக்கு எத்தனை சதுர அங்குலம் திறப்பு. ஷாட் விலையை அதோடு வகுத்துப் பார்க்கட்டும், எது மலிவு என்று அப்போது தெரியும். இரண்டு, கேசிங்குக்கு வெளியே ஒரு அடிக்கு எத்தனை பவுண்டு கிராவல் போய்ச் சேர்ந்தது. இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். உள்ளே அடித்ததில் திரும்பி வந்ததைக் கழித்து, கிணற்றுக்குள் தங்கியதையும் கழித்தால் மீதி ஓட்டைகளுக்குள் போனது. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் மாணவன் போடும் சரக்கிருப்புக் கணக்கு இது.

மளிகைக்கடை அண்ணாச்சிகூட மூட்டை எங்கே போனது என்று சாயந்திரம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கடையைச் சாத்துவார். கோடிக்கணக்கில் செலவழித்துக் கிணறு தோண்டுகிறவர்கள் அந்த அளவுக்காவது எண்ணட்டும். அதுவரை கிராவலைத் திட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம்.